மீனின் வாயருகே ஒரு சிறு முகில்: அஸ்ஸூஃபி முதல் கோடைக்கானல் வரை

'ஆண்ட்ரோமீடா விண்மீன் குழுவில் ஒரு சுருள் அண்டம் இருக்கிறது' என்று வானியல் நூல்கள் எழுதுகின்றன. 'பெருங்கரடிக் குழுவில் இன்னொன்று, கன்னியில் மற்றொன்று' என்று பட்டியல் நீள்கிறது. இத்தொடர்களில் வரும் 'இல்' என்னும் உருபு ஏழாம் வேற்றுமைக்குரியது, இடப்பொருளை உணர்த்துவது. குளத்தில் மீன் இருக்கிறது என்றால் குளம் மீனுக்கு இடம். ஆனால் ஆண்ட்ரோமீடாக் குழு, அதன் பெயரைத் தாங்கிய அண்டத்திற்கு இடமாகுமா? ஆகாது. அக்குழுவின் தலைமை விண்மீன்கள் நம்மிடமிருந்து நூறு முதல் நானூறு ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருப்பவை. அந்த அண்டமோ ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பது. இரண்டும் ஒரே திசையில் தெரிகின்றன என்பதைத் தவிர அவற்றிடையே வேறு உறவு இல்லை.

கோடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் எனப்படும் மலைவிளிம்பு நடைபாதையில் இரவில் நிற்பவருக்கு இது எளிதில் விளங்கும். கைப்பிடிக் கம்பிக்கு அருகே ஒரு மரக்கிளை. அதன் இலைகளுக்கு இடையே, வெகு கீழே சமவெளியில் எரியும் ஊர் விளக்குகள். விளக்குகள் கிளையில் தொங்குவன போலத் தோன்றும். ஆயினும் அவை மரத்தைச் சேர்ந்தவை என்று எவரும் சொல்லமாட்டார். வானத்தில் மட்டும் மனிதகுலம் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிவந்தது. கிளையையும் விளக்கையும் பிரித்தறிய அதற்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அந்த ஆயிரம் ஆண்டு வரலாற்றின் ஒரு முனையில் பாரசீக நாட்டு முஸ்லிம் அறிஞர் ஒருவர் நிற்கிறார். மறுமுனைக்கு அருகில், நம் பழனி மலைத்தொடரின் உச்சியில் ஒரு வானாய்வகம் நிற்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

அஸ்ஸூஃபியின் இரு படங்கள்

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 903 இல் ரய் நகரில் பிறந்தவர். 986 இல் ஷீராஸில் மறைந்தவர். புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் ஆய்வு செய்த இவர், கி.பி. 964 (ஹிஜ்ரி 353) அளவில் நிலைவிண்மீன்களின் உருவங்கள் பற்றிய தம் பெருநூலை இயற்றினார். கிரேக்க அறிஞர் தாலமி வகுத்த 48 விண்மீன் குழுக்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் விண்மீன்களைத் தாமே கண்ணால் கண்டு, ஒளியளவைத் திருத்தி, பாலைவன அரபுகள் வழங்கிவந்த பெயர்களோடு ஒப்பிட்டு எழுதினார். கிரேக்கர் ஒரு பெண்ணைக் கண்ட இடத்தில் அரபுகள் ஒரு பெரிய மீனைக் கண்டார்கள். அந்த மீனின் வாயருகே முகில் போன்ற சிறு திட்டு ஒன்று உள்ளது என்று அஸ்ஸூஃபி குறித்தார். இன்று ஆண்ட்ரோமீடா அண்டம் என்று நாம் அழைக்கும் பொருளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுவது இக்குறிப்பே.

இந்நூலின் மற்றொரு சிறப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒவ்வொரு விண்மீன் குழுவையும் அஸ்ஸூஃபி இருமுறை வரைந்தார். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம். வான்கோளத்திற்கு வெளியே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி இன்னொரு படம். வான்கோள உருண்டை செய்யும் கைவினைஞர்களுக்கு இரண்டாவது படம் தேவைப்பட்டது. ஏனெனில் உருண்டையின் மேற்பரப்பில் வலமும் இடமும் மாறிவிடும். தேவை நடைமுறை சார்ந்ததுதான். ஆயினும் பார்ப்பவன் நிற்கும் இடம் மாறினால் உருவமும் மாறும் என்னும் உண்மை ஒவ்வொரு பக்கத்திலும் வாசகரின் கண்முன் வைக்கப்பட்டது.

அஸ்ஸூஃபிக்குப் பின் வந்தோர் ஆழம் பற்றிய கேள்வியையும் தொட்டனர். பால்வீதி வளிமண்டலத்தில் நிகழும் ஒரு தோற்றம் என்று அரிஸ்டாட்டில் கருதியிருந்தார். இப்னுல் ஹைஸம் (965 – ஏறத்தாழ 1040) இதை மறுத்தார். அருகிலுள்ள பொருளாயின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கும்போது விண்மீன்களின் பின்னணியில் அது இடம்மாறித் தோன்ற வேண்டும்; பால்வீதி அவ்வாறு மாறவில்லை; ஆகவே அது பூமிக்கு வெகுதொலைவில் உள்ளது என்பது அவர் வாதம். அல்பிரூனியோ பால்வீதியை எண்ணற்ற முகில்தன்மை விண்மீன்களின் தொகுதியாக விளக்கினார். நம் நாட்டின் 27 நட்சத்திரங்களை அரபுகளின் 28 மனாஸில்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவரும் அவரே.

கொக்கி நாயான கதை

சுருள் வடிவம் முதன்முதலில் புலப்பட்ட இடம் ஆண்ட்ரோமீடா அன்று. 'வேட்டை நாய்கள்' எனப்படும் சிறு குழுவின் திசையில் தெரியும் மெஸ்ஸியே 51. பிரெஞ்சு வானியலர் மெஸ்ஸியே 1773 இல் கண்டு பட்டியலிட்ட இந்த நெபுலாவை, அயர்லாந்தின் ராஸ் பிரபு 1845 இல் தம் 72 அங்குலத் தொலைநோக்கி வழியாக நோக்கி, நீர்ச்சுழி போன்ற சுருள் கைகளை வரைந்து காட்டினார். அதே ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும்பஞ்சம் தொடங்கவே, அவருடைய வானாய்வு சிலகாலம் தடைப்பட்டது.

அந்த 'வேட்டை நாய்கள்' வானத்திற்கு ஏறிய வரலாறு அரபு எழுத்தறிந்த வாசகர்களுக்குச் சுவை தரும். தாலமியின் நூலில் அருகிலுள்ள இடையன் குழுவின் கையில் ஒரு தடி கூறப்பட்டிருந்தது. அக்கிரேக்கச் சொல்லை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் 'கொக்கி உடைய தடி' என்னும் பொருளில் பெயர்த்தார். கொக்கிக்கு அரபியில் 'குல்லாப்'. நாய்கள் என்னும் பன்மைக்கு 'கிலாப்'. காஃப், லாம், அலிஃப், பா என்னும் நான்கு எழுத்துகளே இரண்டுக்கும். உயிர்க்குறிகள் இடாமல் எழுதினால் வேறுபாடு தெரியாது. 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்த கிரெமோனாவின் ஜெரார்டு அதை 'கிலாப்' என்று படித்தார். தடியோடு நாய்கள் வந்து சேர்ந்தன. 1533 இல் ஜெர்மானியர் அப்பியன் இடையனுக்கு அருகில் நாய்களை வரைந்தார். 1687 இல் ஹெவேலியஸ் அவற்றைத் தனிக் குழுவாகவே ஆக்கிவிட்டார்.

ஆக, சுருள் வடிவத்தை உலகுக்கு முதலில் காட்டிய அண்டம் 'இருக்கும்' குழு, ஓர் அரபுச் சொல்லின் உயிர்க்குறி விடுபட்டதால் பிறந்தது. விண்மீன் குழு என்பது இயற்கையின் பிரிவன்று, மனிதர் இட்ட வரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள 88 குழுக்களின் பட்டியலைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922 இல் ஏற்றுக்கொண்டது. அவற்றின் எல்லைகள் 1930 இல் அச்சாயின. நிலவரி ஆவணத்தில் புல எண் இடுவது போன்ற ஏற்பாடு இது. முகவரிக்குப் பயன்படும், உறவுமுறைக்குப் பயன்படாது.

பஞ்சம் எழுப்பிய ஆய்வகம்

அயர்லாந்தில் பஞ்சம் ஒரு தொலைநோக்கியை ஓயவைத்தது. தமிழகத்தில் பஞ்சமே ஒரு வானாய்வகத்திற்குக் காரணமாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. மழை ஏன் பொய்த்தது என்னும் கேள்விக்கு, சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தில் விடை கிடைக்கலாம் என்று அக்கால அறிஞர் சிலர் நம்பினர். சூரியனை நாள்தோறும் ஆராய உயர்ந்த மலையில் ஓர் ஆய்வகம் வேண்டும் என்னும் கோரிக்கை இவ்வாறு எழுந்தது. மிச்சி ஸ்மித் என்பவர் பழனி, நீலகிரி மலைகளை ஆய்ந்து பார்த்தார். கோடைக்கானல் தேர்வாயிற்று. 1895 இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிவந்த சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899 இல் இங்கு மாற்றப்பட்டன. 1901 இல் முறையான நோக்கீடுகள் தொடங்கின.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், வட அகலாங்கு 10 பாகையில் அமைந்தது இவ்விடம். மழையை முன்னறியும் எளிய சூத்திரம் எதையும் சூரியப் புள்ளிகள் தரவில்லை. ஆனால் பஞ்சத்தின் கண்ணீரில் பிறந்த இந்த ஆய்வகம் வேறொரு பெரும்பயனை உலகுக்கு நல்கியது.

1909 ஜனவரியில் கண்ட உண்மை

ஜான் எவர்ஷெட் 1907 இல் கோடைக்கானலுக்கு வந்து, 1911 முதல் 1923 வரை அதன் இயக்குநராகப் பணியாற்றினார். அப்போது அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹேல் எடுத்த ஒளிப்படங்கள் சூரியப் புள்ளிகளைச் சுற்றிச் சுழி போன்ற அமைப்புகளைக் காட்டியிருந்தன. சூரியப் புள்ளி ஒரு பெருஞ்சூறாவளி. அதைச் சுற்றி வாயு சுழல்கிறது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அந்தச் சுழற்சியை அளந்தறிய எவர்ஷெட் 1909 ஜனவரியில் முயன்றார்.

அவர் கையாண்ட கருவி டாப்ளர் விதி. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளிக்கோடுகள் நிறமாலையின் நீலப்பக்கம் நகரும். விலகிச்செல்லும் பொருளின் கோடுகள் செம்பக்கம் நகரும். சூரிய வட்டின் நடுவிலுள்ள புள்ளியில் நகர்வு தெரியவில்லை. விளிம்பை நெருங்கிய புள்ளிகளிலோ தெளிவாகத் தெரிந்தது. ஆகவே வாயு மேலும் கீழும் பாயவில்லை. சூரியப் பரப்பை ஒட்டிக் கிடையாகவே பாய்கிறது. மேலும், விளிம்பை நோக்கிய பாதியில் கோடுகள் செம்பக்கமும் வட்டின் மையத்தை நோக்கிய பாதியில் நீலப்பக்கமும் நகர்ந்திருந்தன. வாயு சுழன்றுகொண்டிருந்தால் நகர்வு இதற்குச் செங்குத்தான திசையில் அல்லவா மிகுந்திருக்க வேண்டும்? வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று அவர் முடிவு செய்தார். இன்று உலகம் முழுவதும் 'எவர்ஷெட் விளைவு' என்று பயிலப்படுவது இதுவே.

சுழி போன்ற தோற்றத்தைக் கண்டு சுழற்சியைத் தேடிச் சென்றார். அளந்து பார்த்தபோது கண்டது வேறு. அளவை சொன்னதையே அவர் ஏற்றார். சுருள் நெபுலாக்களின் வரலாற்றிலும் இதே சோதனை விரைவில் வரவிருந்தது.

அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட்டும் ஈண்டு நினைக்கத்தக்கவர். தென்வான விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதிய அவர், கோடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் காணப்படும் வானியலை ஆராய்ந்து 1914 இல் ஒரு நூல் வெளியிட்டார். தாந்தே தம் வானியல் அறிவில் பெரும்பகுதியை அல்ஃபர்கானியின் நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வாயிலாகவே பெற்றார் என்பது அறிஞர் கண்ட முடிபு. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் விளைந்த அறிவு இத்தாலிக்குச் சென்று காவியமாகி, இருபதாம் நூற்றாண்டில் பழனி மலையின் ஒரு வீட்டில் மீண்டும் ஆய்வுப்பொருளாயிற்று.

ஆழம் அளக்கப்பட்ட பதினாறு ஆண்டுகள்

எவர்ஷெட்டின் கண்டுபிடிப்புக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1912 இல், அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அதே டாப்ளர் விதியை ஆண்ட்ரோமீடா நெபுலாவின் மங்கிய ஒளியில் செலுத்தினார். அது நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகத் தெரிந்தது. பிற சுருள் நெபுலாக்களில் பெரும்பாலானவை இன்னும் மிகுந்த வேகத்தில் விலகிச் சென்றன. ஒரே விண்மீன் குழுவின் எல்லைக்குள் தெரியும் விண்மீனும் நெபுலாவும் ஒரே குடும்பமாயின் இவ்வளவு பெரிய வேக வேறுபாடு எப்படி வந்தது? கன்னிக் குழுவின் திசையில் தெரியும் மெஸ்ஸியே 104 சுழல்கிறது என்பதையும் ஸ்லைஃபர் 1914 இல் நிறமாலை கொண்டே காட்டினார்.

எதிர்த்திசையில் இழுத்த ஒரு சான்றும் இருந்தது. மவுண்ட் வில்சனைச் சேர்ந்த வான் மானன், பெருங்கரடியின் திசையில் தெரியும் மெஸ்ஸியே 101 சுருளின் கைகள் சில ஆண்டு இடைவெளியில் எடுத்த ஒளிப்படங்களிடையே நகர்ந்திருப்பதாக 1916 இல் அறிவித்தார். அவ்வளவு குறுகிய காலத்தில் கண்ணுக்குப் புலப்படும் சுழற்சி இருக்குமாயின், அந்தப் பொருள் அருகில்தான் இருக்க வேண்டும். 1920 இல் வாஷிங்டனில் ஷாப்லியும் கர்ட்டிஸும் நடத்திய புகழ்பெற்ற விவாதத்தில், சுருள்கள் தனி அண்டங்கள் அல்ல என்று வாதிட்ட ஷாப்லி இந்த அளவீட்டை நம்பினார். அது பிழையான அளவீடு என்பது பின்னர் உறுதியாயிற்று. சுருள்கள் சுழல்கின்றன என்பது உண்மை; ஆயினும் அவற்றின் தொலைவு அவ்வளவு பெரிதாகையால் அந்தச் சுழற்சியை அன்றைய ஒளிப்படத் தகட்டில் காண இயலாது.

வழக்கைத் தீர்த்தது ஒரு விண்மீன். ஒளி கூடிக் குறையும் செஃபீடு வகை விண்மீன்களில், அந்த மாற்றத்தின் காலவட்டத்திற்கும் விண்மீனின் உண்மை ஒளிர்வுக்கும் உறவுண்டு என்பதை ஹென்றியெட்டா லெவிட் 1912 இல் நிறுவியிருந்தார். 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா நெபுலாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். உண்மை ஒளிர்வு தெரிந்தால், தோன்றும் ஒளியிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். அவர் பெற்ற விடை ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டுகள். 1925 ஜனவரி 1 அன்று இது அறிஞர் அவையில் படிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணை 25 இலட்சமாக உயர்த்தின. அஸ்ஸூஃபி குறித்த மீனின் வாயருகிலிருந்த முகில், நம் பால்வீதியைப் போன்ற, அதனினும் பெரிய, தனியொரு விண்மீன் உலகம் என்பது 961 ஆண்டுகளுக்குப் பின் உறுதியாயிற்று.

பழனி மலை வானில் ஓர் ஒப்பீடு

நிலநடுக்கோட்டிற்கு அருகிலிருப்பதால் கோடைக்கானல் வானம் இவ்வொப்பீட்டிற்கு ஏற்றது. வடவானின் சுருள்களும் தென்வானின் சுருள்களும் இங்கிருந்து காணத்தக்கவை. மழை ஓய்ந்த ஜனவரி முன்னிரவில் வடமேற்கே ஆண்ட்ரோமீடா சாய்ந்திருக்கும். அதன் மிராக் என்னும் விண்மீனிலிருந்து வடமேற்காக இரு மங்கிய மீன்களைக் கடந்தால், நிலவற்ற இருண்ட வானில், கருவியின்றியே அந்த முகில் புலப்படும். மிராக் ஏறத்தாழ 200 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. முகில் அதைவிடப் பன்னீராயிரம் மடங்கு அப்பால் உள்ளது. மிராக்கின் ஒளி முகலாயப் பேரரசு நலிந்து கும்பினி ஆட்சி வேரூன்றிய காலத்தில் புறப்பட்டது. முகிலின் ஒளியோ நம் மனித இனமே தோன்றாத காலத்தில் புறப்பட்டது. கண்ணில் இரண்டும் ஒரே கணத்தில் வந்து விழுகின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே எழுமீன் எழும். அரபுகள் இதை 'பனாத்து நஃஷ்', அதாவது சவப்பெட்டியைத் தொடரும் பெண்மக்கள், என்றனர். நம் நாட்டார் ஏழு முனிவர் என்றனர். ஐரோப்பியர் பெருங்கரடி என்றனர். இதன் நடுவால் விண்மீன் மிஸாரின் அருகே மங்கித் தெரிவதை அரபுகள் 'அஸ்ஸுஹா' என்று அழைத்துக் கண்பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்தினர். அதையே தமிழர் திருமணத்தில் அருந்ததி என்று காட்டுகின்றனர். எழுமீனில் ஐந்து உண்மையிலேயே ஒரே கூட்டமாக, ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில், ஒரே திசையில் பயணம் செய்பவை. இரு முனைகளிலுள்ள துப்பேயும் அல்காயிதும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. இன்னும் அப்பால் உள்ளவை. இவ்வகையில் எழுமீன் ஓர் அரிய விதிவிலக்கு. பெரும்பாலான குழுக்களில் இத்தகைய பாதி உறவும் இல்லை.

அந்த எழுமீனைச் சுற்றி மூன்று சுருள் அண்டங்கள் தெரிகின்றன. மெஸ்ஸியே 81 ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவு. மெஸ்ஸியே 101 ஏறத்தாழ 2.1 கோடி; அல்காயிதுக்கு அருகில் தெரிந்தும் எல்லைக்கோட்டால் வேட்டை நாய்களுக்குப் போய்விட்ட மெஸ்ஸியே 51 இரண்டு கோடிக்கும் மேல். ஒரே குழுவில் தெரியும் முதல் இரண்டுக்கும் இடையே ஆழத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் ஒளியாண்டு இடைவெளி உண்டு. தெற்கே திரும்பினால் நெடும்பாம்புக் குழுவின் திசையில் மெஸ்ஸியே 83, ஏறத்தாழ 1.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், உச்சிவேளையில் 50 பாகை உயரத்தில் நிற்கும். அஸ்ஸூஃபியின் ஷீராஸிலிருந்து நோக்கினால் அது 30 பாகை அளவே எழும்.

இவ்வளவுக்கும் மேலாக ஓர் உண்மை உண்டு. 88 குழுக்களிலும் நாம் கண்ணால் காணும் விண்மீன்கள் அனைத்தும் ஒரே ஒரு சுருள் அண்டத்தைச் சேர்ந்தவை; அது நம் பால்வீதி. நாம் அதனுள்ளேயே இருப்பதால் அதன் சுருளைக் காண்பதில்லை; வானத்தைச் சுற்றிய வெண்பட்டையாகவே காண்கிறோம். பிற சுருள்கள் ஒவ்வொன்றும் ஒரு குழுவின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. நம் சுருளுக்குள்ளேயோ குழுக்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. வீட்டுக்குள் இருப்பவர் சாளரக் கம்பிகளின் ஊடே பிற வீடுகளைப் பார்ப்பது போன்றது இது.

ஒரு கோடும் மூன்று ஊர்களும்

கோடைக்கானலின் பணி பெரிதும் சூரியனைப் பற்றியது. ஆயினும் அண்ட ஆராய்ச்சியோடு அதை இணைக்கும் ஒரு நூலிழை உண்டு. கால்சியம் தனிமம் நிறமாலையில் தோற்றுவிக்கும் 'கே' கோட்டின் ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் பணி இங்கு 1904 இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. தொலைதூர அண்டங்களின் விலகுவேகத்தை ஹப்பிளும் ஹியூமேசனும் அளந்தபோது அவர்களுக்குக் கைகொடுத்த முதன்மையான அடையாளங்களில் இதே கால்சியக் கோடும் ஒன்று. சூரியனில் கற்ற பாடம் கோடி ஒளியாண்டுக்கு அப்பாலும் செல்லுபடியாயிற்று.

அக்கோட்டையே கொண்டு விண்மீன்களின் உண்மை ஒளிர்வை அறியும் வழியை 1957 இல் ஓலின் வில்சனோடு சேர்ந்து வெளியிட்டவர் வைணு பாப்பு. 1927 இல் சென்னையில் பிறந்த இவர் வளர்ந்தது ஹைதராபாத்தில். அவருடைய தந்தை நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தார். நவாப் ஜஃபர் ஜங் தம் சொந்த ஆர்வத்தால் 1901 இல் தோற்றுவித்து, அவர் மறைவுக்குப் பின் 1908 இல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்ட ஆய்வகம் அது. உலக நாடுகள் பகிர்ந்து செய்த வான்வரைபடத் திட்டத்தில் வானின் ஒரு பகுதியைப் படமெடுத்து விண்மீன் அட்டவணை வெளியிட்ட பெருமை அதற்குண்டு. ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் ஹார்வர்டு சென்று திரும்பிய பாப்பு, 1960 இல் கோடைக்கானல் இயக்குநரானார். இரவு வானத்திற்குக் கோடைக்கானலின் முகில்கள் தடையாயிருந்ததால், ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1982 இல் அவர் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் அவர் பெயராலேயே அங்கு அமைந்தது. நிஜாமியா, கோடைக்கானல், காவலூர் ஆகிய மூன்று ஊர்களும் ஒரே அறிவுத்தொடரின் கண்ணிகள்.

உரிமையும் அளவும்

'ஆண்ட்ரோமீடா அண்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்' என்று நம்மிடையே மேடைகளில் முழங்கப்படுவதுண்டு. இதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அப்படியே ஏற்கவும் வேண்டாம். ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் அப்பெருமையை, 1612 இல் தொலைநோக்கியால் அதை நோக்கிய சைமன் மாரியஸுக்கு அளித்தன. மெஸ்ஸியேயும் 1764 இல் அவ்வாறே எண்ணினார். அஸ்ஸூஃபியின் குறிப்பு அதற்கு ஆறரை நூற்றாண்டு முந்தியது என்பது வரலாற்று நீதி; அதை எடுத்துரைப்பது கடமை. ஆனால் அவர் கண்டது ஒரு முகில். அது தனி அண்டம் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அரபுகளின் மீன் உருவத்திற்கு ஓர் அடையாளமாகவே அதைக் குறித்தார். சொல்லாததைச் சொன்னதாக ஏற்றிவைப்பது அவரை உயர்த்தாது. கொக்கியை நாயாகப் படித்த பிழையின் மறுபக்கமே ஆகும்.

'அல்-புரூஜ்' என்னும் பெயருடைய 85 ஆவது அத்தியாயத்தை ஓதும் நம் சமூகத்தில், 'புர்ஜ்' என்னும் சொல்லுக்கு அண்டம் என்று இன்றைய அறிவியலைப் பொருத்திக் காட்டுவோரும் உளர். அரபு வானியலர் அச்சொல்லை இராசிகளைக் குறிக்கவே வழங்கினர். நூற்றாண்டுதோறும் மாறும் கணக்குகளை மாறாத வேதத்தின் மீது சார்த்துவதில் பயனில்லை. ஹப்பிளின் 9 இலட்சம் 25 இலட்சமானதை நாம் கண்டோம்.

அஸ்ஸூஃபியின் உண்மையான பெருமை வேறிடத்தில் உள்ளது. தாலமி எழுதியதை அப்படியே படியெடுக்காமல், ஒவ்வொரு விண்மீனையும் மீண்டும் பார்த்தார். கண்டதை, தமக்கு விளங்காத முகில் உட்பட, கண்டவாறே எழுதினார். பார்ப்பவனின் இடத்தால் தோற்றம் மாறும் என்பதை இரு படங்களால் உணர்த்தினார். சுழற்சியைத் தேடிப்போய் வேறொன்றைக் கண்டபோது கண்டதையே எழுதிய எவர்ஷெட்டும் அந்த ஒழுக்கத்தையே பின்பற்றினார். அறிவு மரபு என்பது இந்த ஒழுக்கத்தின் தொடர்ச்சியே. இனமும் நாடும் அதில் இடையில் வந்து சேர்பவை.

கோடைக்கானலில் நூறாண்டுக் காலத்தில் எடுக்கப்பட்ட சூரிய ஒளிப்படத் தகடுகள் இன்று எண்மவடிவில் மாற்றப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. விடுமுறைக்கு அம்மலைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஏரியையும் தூண்பாறையையும் கண்டு திரும்புகின்றன. ஒரு பகலில் அந்த ஆய்வகத்தையும், நிலவற்ற ஓர் இரவில் ஊர் விளக்குகளை விட்டு விலகி நின்று மீனின் வாயருகேயுள்ள அந்த முகிலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அது ஆண்ட்ரோமீடாவில் இருக்கிறது என்று சொல்லாமல், ஆண்ட்ரோமீடாவின் திசையில், அதற்கு வெகு அப்பால் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால், ஓர் உருபைத் திருத்தியதோடு ஆயிரம் ஆண்டு உழைப்பின் பயனையும் அவர்களிடம் ஒப்படைத்தவர்களாவோம்.